உசாத்துணை நாட்கள்

ஜூன் 3, செவ்வாய்

திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்ததைப் பற்றிய கட்டுரையைப் பிள்ளை கொண்டுவந்தாள். உசாத்துணைப் பகுதி முழுவதும் இணையத்தளங்கள். அவையும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஓரிடத்தில் 1622, அடுத்த பக்கத்தில் 1624. "எது சரி டீச்சர்?" என்றாள். ஒவ்வொருவரும் அந்த ஆண்டை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தேடிவரச் சொன்னேன். முகம் வாடிப் போனாள்.

ஜூன் 5, வியாழன்

கண் வைத்தியசாலையிலிருந்து திகதி இன்னும் வரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

போர்த்துக்கேயர் இலங்கையைக் கைப்பற்றிய வரலாற்றைச் சொல்லும் குவேறோஸ் பாதிரியாரின் நூலுக்கு எஸ். ஜி. பெரேரா செய்து 1930இல் கொழும்பில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் போட்டோகாப்பியை அவளிடம் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியவளைத் தடுத்து, கடைசியிலுள்ள சொல்லடைவைப் பார்க்கச் சொன்னேன். நம் ஊரின் பெயரைப் போர்த்துக்கேயர் வேறு விதமாக எழுதியதால் சற்றுத் தவித்தாள். பிறகு குவேறோஸ் 1617இல் பிறந்தவர் என்பதைக் காட்டினேன். அவளே கணக்குப் பார்த்தாள்: 1622இல் அவருக்கு ஐந்து வயது, நூலை முடித்ததோ 1680களின் பிற்பகுதியில். "அப்ப இவரை விட்டுவிடலாமா?" என்று கேட்டாள். விடவே கூடாது, கண்டதைச் சொல்லாமல் கேட்டதையும் வாசித்ததையும் சொல்லும் சாட்சி அவர் என்பதைக் கட்டுரையிலேயே எழுத வேண்டும் என்றேன். எழுத்துகள் பொடிப்பொடியாக இருந்ததால் பாதியை அவளே வாசித்துக் காட்டினாள்.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டை வாசலுக்குப் போனோம். கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் என்ற அரசனையும், அதை இடித்த பறங்கியையும் (போர்த்துக்கேயரை) குறிக்கும் பாட்டுக் கல்லை அவள் இதுவரை நின்று பார்த்ததே இல்லையாம். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் மான்களைத்தான் பார்ப்பாளாம். கட்டுரையில் முழுப் பாட்டையும் எழுதி, "கல்லில் உள்ளபடி" என்று குறித்திருந்தாள். கல்லிலோ இடையிடையே எழுத்துகள் சிதைந்துள்ளன. புத்தகங்களில் வருவது இடைவெளிகளை நிரப்பிய வடிவம். வெயிலில் நின்றே, தெரிகின்ற எழுத்துகளை மட்டும் கொப்பியில் எழுதி, தெரியாத இடங்களுக்குப் புள்ளியிட்டாள். அந்தப் புள்ளிகள் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தன.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா விடுமுறை. நூலகம் பூட்டு. திகதியும் வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஆண்டு முரண்பாட்டுக்கு நீண்ட அடிக்குறிப்பு எழுதி, இரண்டையும் யார் யார் சொல்கிறார்கள் என்று பிரித்துக் காட்டியிருக்கிறாள். என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் 'கோணேசர் கல்வெட்டு' என்ற நூலை, பெயரைப் பார்த்து, கல்லில் வெட்டிய சாசனங்களின் வரிசையில் சேர்த்திருக்கிறாள். அது கவிராஜவரோதயன் இயற்றியதாகச் சொல்லப்படும், பாட்டும் உரைநடையும் கலந்த ஏட்டு நூல். நாளை மாலை வரச் சொல்லியிருக்கிறேன்.