மாதம் ஐந்து டொலர்

1988 மாசியில், கனடாவின் வின்னிபெக் நகரின் வடக்குக் கில்டோனன் பகுதியில் ஒரு சின்ன அலுமாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். இலங்கையில், ஊரில் அப்பாவோடு சீவுளி பிடித்தவன் என்று சொல்லித்தான் வேலை எடுத்தேன். பிடித்தது உண்மை. சீவியது குறைவு. முதல் நாளே அது ஒருவருக்குத் தெரிந்துவிட்டது.

மூலையில் உளி தீட்டிக்கொண்டிருந்த அறுபத்தெட்டு வயதுக் கிழவர் அவர். பென்சன் எடுத்த பிறகும் தினமும் மத்தியானம் வரை வருவார். எல்லோரும் ‘ஓப்பா’ என்றுதான் கூப்பிட்டார்கள், எங்கள் ‘அப்பு’ மாதிரி. நான் பூட்டிய லாச்சியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மூலைகளில் விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. முதலாளியிடம் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“நாளைக்கு ஏழு மணிக்கு வாரும். எட்டு மணிக்குப் பிறகு முதலாளிக்கு. அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு.”

அப்படி ஒரு வருடம் போனது. புறா வால் மாதிரி விரிந்த பற்களைக் கையால் வெட்டிக் கோர்க்கும் மூலைவேலையை அவரிடம்தான் படித்தேன். கோட்டின் மேல் வெட்டாதே, கோட்டை விட்டுவிட்டு வெட்டு, பிறகு உளியால் கோட்டுக்கு வா. வாய்ச்சொல்லாக இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் என் கையைத் தட்டித் தட்டித்தான். எனக்கென்று உளி இல்லை என்று கண்டதும் தன்னுடைய பழைய உளிகளில் நாலைத் தந்தார். தந்தார் என்றா சொன்னேன்? விற்றார். அறுபது டொலர், மாதம் ஐந்தாகக் கட்டச் சொன்னார். சட்டைப்பையிலிருந்து கறுப்பு மட்டை போட்ட ஒரு பழைய கொப்பியை எடுத்துக் கணக்கு எழுதினார்.

ஆடியில் மகள் பிறந்தாள். அந்த மாதம் கையில் காசே இல்லை. இந்த மாசத்தை விட்டுவிடுங்கோ என்று கேட்டேன். “அடுத்த மாசம் பத்து” என்றார். முகம் கொஞ்சமும் மாறவில்லை. கிழவனுக்கு ஈரமே இல்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று பின்னேரம் அவரும் மனைவியும் எங்கள் வாசலில் நின்றார்கள். ஒரு பானை கோவா போர்ஷ்ட் சூப், ஒன்றின் மேல் ஒன்று குந்தியிருக்கும் ‘சுவீபாக்’ பணிஸ் ஒரு பை, மேப்பிளில் செய்த தொட்டில். தொட்டிலுக்கு விலை சொல்லவில்லை. அந்தத் தொட்டிலுக்கு இருநூறு டொலராவது வரும். ஐந்து டொலரை விடமாட்டேன் என்றவர் இதை எப்படிக் கொடுத்தார் என்று எனக்கு விளங்கவேயில்லை.

விளங்கியது அவர்கள் வீட்டில். ஞாயிறு பின்னேரம் ‘ஃபாஸ்பா’, அதாவது கோப்பி, பணிஸ், ஜாம், சீஸ், ஆறு பிள்ளைகள், எண்ண முடியாத பேரப்பிள்ளைகள். சுவரில் பெட்டி இல்லாத ஒரு மணிக்கூடு, பூ வரைந்த முகம், தொங்கும் குண்டுகள். உக்ரைனில் ரோசன்டால் என்ற ஊரில் குரோகர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்தது. அவருடைய அப்பா அதைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

அவர்கள் மெனோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். பெரியவனாகித் தானே கேட்டால்தான் ஞானஸ்நானம். ஆயுதம் தொடுவதில்லை. நெதர்லாந்துப் பக்கத்தில் தொடங்கி, போலந்தின் விஸ்டுலா ஆற்றங்கரைக்கு வந்து, 1789 முதல் உக்ரைனின் நீப்பர் நதிக்கரை. ரஷ்யப் புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம் எல்லாம் முடிந்தபோது எஞ்சியவர்கள் கனடாவைப் பார்த்தார்கள். கனடாவோ பழக்கவழக்கம் ஒத்துவராது என்று 1919இல் இவர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. 1922இல்தான் தடை நீங்கியது. 1923 தொடக்கம் ஏழெட்டு வருடங்களில் ஏறத்தாழ 20,000 பேர் வந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பயணக்காசு இல்லை. கனடியன் பசிபிக் ரெயில்வே கடனுக்கு ஏற்றியது. பொறுப்புக் கையெழுத்து டேவிட் டேவ்ஸ் என்ற போதகருடையது.

ஓப்பா வந்தது 1926இல், ஆறு வயதில். கண்ணில் டிரகோமா என்ற தொற்றுநோய் என்று அக்காவை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இறக்கிவிட்டார்கள். தாய் அவளோடு நின்றுவிட, அப்பாவும் இவரும் மட்டும் கியூபெக்கில் இறங்கினார்கள். பிறகு தூசிக்காற்று அடித்த முப்பதுகள். காணியை விட்டுவிட்டு அப்பா வின்னிபெக்குக்கு வந்து தச்சரானார். அந்தப் பயணக் கடன் முழுக்கத் தீர்ந்தது 1946இல். கட்ட முடியாதவர்களின் பங்கையும் மற்றவர்கள் சேர்ந்து கட்டினார்கள். யார் கட்டவில்லை என்று இவருக்குத் தெரியும். கேட்டுப் பார்த்தேன், சொல்லவில்லை.

“ஜெர்மனில் கடனுக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல், ஷுல்ட்” என்றார்.

எங்களிடம் கடன் என்றால் கடமையும்தான் என்றேன். கொஞ்சம் யோசித்தார். “உங்கட சொல் நல்லது. ஆனால் எனக்கு இனிப் பழக ஏலாது.”

எல்லாவற்றிலும் ஒத்துப்போனோம் என்றில்லை. இரண்டாம் உலகப் போரில் துவக்குத் தூக்க மறுத்து, நாளுக்கு 50 சதத்துக்கு முகாமில் மரம் வெட்டியவர் அவர். அவர் தம்பி பட்டாளத்துக்குப் போனார். தேவாலயம் தம்பியை ஒதுக்கியது. “அடிக்க வந்தால் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களோ?” என்று ஒரு காலை கேட்டேன். எங்கள் ஊர் எரிந்துகொண்டிருந்த காலம் அது. “எங்கட ஆட்களும் 1919இல் துவக்கு எடுத்தவை” என்றார். எடுத்ததால் என்ன ஆனது என்று சொல்லவில்லை. அன்று அரை மணித்தியாலம் இரண்டு பேரும் பேசாமல் மரம் சீவினோம். இன்றும் அந்தக் கேள்வியில் நான் அவர் பக்கம் முழுதாகப் போகவில்லை.

கடைசி ஐந்து டொலரைக் கொடுத்த காலையில் கொப்பியை எடுத்து என் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அன்றுதான் முன்பக்கங்களைப் பார்த்தேன். பழைய ஜெர்மன் கையெழுத்து, மங்கிய மை. 1927இலிருந்து தேதிகள். பக்கத்தில் பத்து, நாலு, ஒன்றரை. முப்பதுகளில் சில வருடங்களுக்கு நேரே வெறும் கோடு. அப்பாவின் கொப்பி. மிச்சம் இருந்த தாள்களில்தான் என்னுடைய அறுபது டொலரை எழுதியிருந்தார்.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கொப்பியை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

“எட்டு மணியாச்சு. போம், முதலாளி பார்க்கிறார்.”