பூநாரை தலையைக் கவிழ்த்துத் தின்னும் விதம்

மாரி மழை ஓய்ந்து கடனீரேரி வற்றத் தொடங்கும் நாட்களில் இலங்கையின் வடக்கே மண்டைதீவுப் பக்கமும் சுண்டிக்குளத்திலும் பூநாரைக் கூட்டம் நிற்கும். தூரத்தில் பார்த்தால் வெறும் வெள்ளை. செட்டை விரித்தால்தான் இளஞ்சிவப்பும், பறக்கும் இறகுகளின் கறுப்பும் தெரியும். உயரம் 110 முதல் 150 சென்ரிமீற்றர் வரை வரும். முழங்கால் பின்பக்கம் மடிகிறது என்று பலர் சொல்வதுண்டு. அது முழங்கால் அல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கிறது.

இரை எடுப்பதைத்தான் ஆறுதலாக நின்று பார்க்கவேண்டும். கழுத்தைத் தொங்கவிட்டு, மேல் அலகு கீழே வருமாறு தலையைக் கவிழ்க்கும். நாக்கு விநாடிக்கு நாலைந்து தரம் முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரை உறிஞ்சித் தள்ளும். அலகின் ஓரத்தில் வரிசையாய் உள்ள மெல்லிய தகடுகள், கள்ளு வடிக்கும் பன்னாடை மாதிரி, சிறு இறால், பூச்சிப் புழு, சிப்பி, விதை எல்லாவற்றையும் மறித்துவிடும். சில வேளை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மிதித்துச் சேற்றைக் கிளறும். தண்ணீர் வற்றியபின் அந்த இடத்தில் வட்டக் குழிகள் தெரியும்.

நிறமும் இரையால்தான் வருகிறது. பாசியிலும் இறாலிலும் உள்ள கரோட்டினொயிட் என்ற நிறப்பொருள் இறகில் படிகிறது. வாலடிச் சுரப்பியின் எண்ணெயையும் பூசி நிறத்தைக் கூட்டிக்கொள்ளும். குஞ்சு சாம்பல் நிறம். முழு நிறம் வர சில வருடங்கள் எடுக்கும்.

இந்தியாவில் குஜராத்திலுள்ள கட்ச் ரண் என்ற உப்புச் சதுப்பு நிலம் இதன் பெரிய இனப்பெருக்க இடம். சேற்றைக் குவித்து ஏறக்குறைய ஓர் அடி உயரக் கூம்பு கட்டி, உச்சிப் பள்ளத்தில் ஒரே முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஒரு மாதமளவில் அடைகாக்கும். பொரித்த குஞ்சின் அலகு நேராக இருப்பதால் அதனால் வடித்துத் தின்ன முடியாது. அதனால் இருவரும் தொண்டையில் சுரக்கும் சிவந்த பாலை ஊட்டுவார்கள். அந்தக் காலத்தில் அவர்களின் நிறமே வெளிறிப்போகும். தண்ணீர் கூடினால் கூடு மூழ்கும், வேளைக்கு முன்னே வற்றினால் நாயும் நரியும் நடந்தே கூட்டுக்குப் போய்விடும். மனிசர் கலைத்தாலும் கூட்டம் முழுவதும் கூட்டைக் கைவிடக்கூடும்.

இங்கே பார்க்கப் போகிறவர்கள் கரையிலேயே நில்லுங்கள், பைனாகுலர் போதும். தின்னுவதை விட்டுத் தலையை நிமிர்த்தி ஒரே பக்கமாய் நடக்கத் தொடங்கினால், நீங்கள் மிகக் கிட்டப் போய்விட்டீர்கள். அசையாமல் நின்று மெல்லப் பின்வாங்குங்கள். எழும்புவதற்கே அது தண்ணீரில் பல அடி ஓடவேண்டும். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.