குமாருக்கு எச்ஐவி இல்லை

முதல் ரிப்போர்ட்டில் இருந்த பெயர் குமார், வயது 35. நான் குமார் இல்லை. எனக்கு அப்போது 31 வயது. மதுரையில் எங்கள் ஏரியாவை விட்டு இரண்டு பஸ் மாறிப் போய், என்னை யாருக்கும் தெரியாத ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். கவுண்டரில் பெயர் கேட்டதும் வாயில் வந்தது அதுதான். அந்தப் பொய்க்கு அப்புறம் மாதக்கணக்கில் வட்டி கட்டினேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை விஷயமாக வெளியூர் போன இடத்தில், அதிகம் பழக்கமில்லாத ஒருவருடன் ஓர் இரவு. ஆணுறை போட்டிருந்தேன். அது கிழிந்திருந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். அவருக்கு நோய் இருந்ததாக எந்த அறிகுறியும் இல்லை, அவர் மேல் தப்பும் இல்லை. ஆனால் ஊர் திரும்புகிற பஸ்ஸிலேயே எனக்கு எய்ட்ஸ் வந்துவிட்டது. நான் ஸ்கூல் படிக்கும்போது ஊர்ச் சுவரெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று விளம்பரம் இருக்கும். பையன்கள் அதைச் சொல்லியே ஒருத்தனை ஒருத்தன் ஓட்டுவோம். மேலூர் தாண்டும்போது அந்த வரி மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இப்படி ஆன 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால், தொற்று பிடிக்காமல் தடுக்க 28 நாள் மாத்திரை உண்டு. ‘பெப்’ என்பார்கள். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. எனக்கு அது தெரியவந்தது ஐந்தாம் நாள். முதல் நான்கு நாளும் நான் செய்தது, கண்ணாடி முன் நின்று அழுததும் நாளுக்கு மூன்று முறை குளித்ததும்தான்.

பதினாலாம் நாள் டெஸ்டுக்குப் போனேன். அது சீக்கிரம் என்று பிறகு புரிந்தது. லேபில் செய்கிற நான்காம் தலைமுறை டெஸ்ட், கிருமியின் பி24 என்ற புரதத்தையும் நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும். தொற்று இருந்தால் அது காட்டிக்கொடுக்க 18 முதல் 45 நாள் ஆகும். எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கிற டெஸ்டுக்கு மூன்று மாதம் வரைக்கும் காத்திருக்கச் சொல்வார்கள். என் ரிப்போர்ட்டில் ‘நான்-ரியாக்டிவ்’ (Non-reactive), அதாவது தொற்று தென்படவில்லை என்று போட்டு, பக்கத்தில் 0.14 என்று ஓர் எண். ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஒன்றுமில்லை என்று அதே தாளில் அச்சடித்திருந்தது.

இருபத்தெட்டாம் நாள் வேறு லேப், வேறு பெயர். இந்த முறை செல்வம். எண் 0.23.

அன்று இரவு தூங்கவில்லை. 0.14 எப்படி 0.23 ஆகும்? ஏறுகிறது என்றால் உள்ளே ஏதோ வளர்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த வாரம் பார்த்து ஜலதோஷம் வேறு. புதுத் தொற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல் வரலாம் என்று படித்திருந்தேனா, மணிக்கொரு தடவை தெர்மாமீட்டர் வைத்தேன். 98.9. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்தி அழுத்தியே அந்த இடம் வீங்கிவிட்டது. காலையில் பல் தேய்க்குமுன் செல்போன் டார்ச்சை வாய்க்குள் அடித்து நாக்கைப் போட்டோ எடுப்பேன். போனில் நூற்றுக்கும் மேல் நாக்குப் படம். அம்மா ஒருநாள் கேலரியைத் திறந்து, “என்னடா இது, நாக்கு நாக்கா வச்சிருக்க?” என்றாள். அவள் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. ஒவ்வொரு ஜாதகத்தையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தைந்தாம் நாளும் இல்லை என்றே வந்தது. அந்த டெஸ்டைப் பொறுத்தவரை கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். எனக்குத்தான் முடியவில்லை. ட்யூப் மாறியிருக்கும், கிட் பழசாக இருக்கும், குமார் என்று வேறு ஒருவர் அன்றைக்கு வந்திருப்பார். பொய்ப் பெயர் கொடுத்த எனக்கு அந்தத் தாள் என்னுடையது என்று நிரூபிக்கக்கூட வழியில்லை.

எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்குப் பதினோரு தடவை போன் போட்டிருப்பேன். இலவச எண். முதல் தடவை பேசியவர் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். மீதிப் பத்து தடவையும் அதையே வேறு குரலில் கேட்கத்தான். நடுவில் ஒரு கேவலமான யோசனையும் வந்தது: ரத்த தானம் கொடுத்தால் அவர்களே டெஸ்ட் செய்துவிடுவார்களே என்று. அதைச் செய்யவே கூடாது. தொற்று இருந்து டெஸ்டில் சிக்காத காலத்தில் கொடுத்த ரத்தம் யாரோ ஒரு நோயாளிக்கு ஏறிவிடும். நல்லவேளை, கேம்ப் வாசல் வரை போனவன் திரும்பிவிட்டேன்.

தொண்ணூற்று மூன்றாம் நாள் அரசு ஆஸ்பத்திரியில் எச்ஐவி டெஸ்டும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்துக்குப் போனேன். டெஸ்ட் இலவசம். என்னைப் போல மூஞ்சியை மறைத்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் போனால், பெஞ்சு முழுக்கக் கர்ப்பிணிகள். மாசமாக இருக்கும் எல்லோருக்கும் இந்த டெஸ்ட் எடுப்பது வழக்கமாம். ஒயர் கூடையோடு ஒரு பாட்டி நகர்ந்து இடம் கொடுத்து, “உன் பொண்டாட்டிக்கு எத்தனாவது மாசம்ப்பா?” என்று கேட்டார். ஐந்து என்று சொல்லிவைத்தேன். இன்னொரு பொய்.

கவுன்சலர் ஒரு அக்கா. கதவைச் சாத்திவிட்டு, சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்க மாட்டோம், முடிவை வெளியே சொல்ல மாட்டோம், 2017ல் வந்த சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்றார். அப்புறம் பெயர் கேட்டார். நான் முழித்தேன். “என்ன தம்பி, பேரு மறந்துபோச்சா?” என்றார். குமார், செல்வம் கதையெல்லாம் கொட்டிவிட்டேன். சிரித்துவிட்டார்.

“அப்ப குமாருக்கு இல்லன்னு நம்புறீங்க, செல்வத்துக்கும் இல்லன்னு நம்புறீங்க. உங்களுக்குத்தான் இருக்கு, அப்படியா?”

0.14, 0.23 பற்றிக் கேட்டேன். அவர் பக்கத்து அறை லேப் அண்ணனைக் கூப்பிட்டார். “காய்கறிக் கடை எலக்ட்ரானிக் தராசு பாத்திருக்கீங்களா? தட்டுல ஒண்ணுமே இருக்காது, ஃபேன் காத்துக்கு அஞ்சு கிராம் பத்து கிராம்னு காட்டும். அதுக்காக தக்காளி இருக்குன்னு அர்த்தமா?” என்றார் அவர். இங்கே பயன்படுத்தும் கிட்டில் டெஸ்ட் சரியாக ஓடியதா என்று காட்ட ஒரு கன்ட்ரோல் கோடு இருக்கும், அது விழாவிட்டால் அந்த டெஸ்ட் செல்லாது, மறுபடி செய்வோம் என்றும் சொன்னார்.

என் பெயரிலேயே ரத்தம் கொடுத்தேன். அன்றைக்கே ரிசல்ட். இல்லை. சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி டெஸ்டும் எடுக்கச் சொன்னார் அக்கா. எனக்கு அவை ஞாபகத்துக்கே வந்திருக்கவில்லை. அவையும் இல்லை.

இங்கே முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் பத்தே நாளில் மறுபடி ஆரம்பித்தது. நாலாயிரத்துச் சொச்சம் செலவழித்து, கிருமியின் மரபுப்பொருளான ஆர்என்ஏவையே நேரடியாகத் தேடும் டெஸ்டும் எடுத்தேன். முதல் ரிப்போர்ட் வந்தபோது நிம்மதி இரண்டு நாள் தாங்கியது. மூன்றாவதற்கு ஒரு சாயங்காலம். இந்த டெஸ்டுக்கு, லேப் படியிறங்கி ஹெல்மெட் மாட்டும்வரைதான்.

அக்காவிடமே திரும்பப் போனேன். அவர் ஊசி எடுக்கச் சொல்லவில்லை. மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போடச் சொன்னார். கோபம் வந்தது, ஆனாலும் போனேன். அந்த டாக்டர் என் ஃபைலைப் பிரிக்கவே இல்லை. “அடுத்த ரிப்போர்ட்ல என்ன எழுதியிருந்தா நீங்க நம்புவீங்க?” என்று கேட்டார். யோசித்தேன், யோசித்தேன், பதிலே வரவில்லை. செய்த காரியத்துக்கு ஒரு தண்டனை வந்தே தீர வேண்டும் என்று உள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு, வருகிற தாளையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான் என்பது மாதங்கள் கழித்துத்தான் புரிந்தது.

மாத்திரை கொடுத்தார், வேலையும் கொடுத்தார். நாக்கைப் பார்க்கத் தோன்றினால் நோட்டில் மணியை எழுதிவிட்டு அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். தேடிப் படிக்கக் கூடாது, யாரிடமும் “இல்லைதானே?” என்று கேட்கக் கூடாது. முதல் வாரம் ஒரே நாளில் நாற்பது வரி எழுதினேன். அரை மணி என்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது மாதம் நாளைக்கு இரண்டு, மூன்று வரி. அப்புறம் நோட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை.

போன வாரம் பல் தேய்க்கும்போது நாக்கு தன்னால் வெளியே வந்தது. கொஞ்சம் வெள்ளையாகத்தான் இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா காபி ஆறுகிறது என்று கத்தினாள். வாயைக் கொப்பளித்துவிட்டுப் போனேன்.