"அப்புறம் டாக்டர், இன்னொரு விஷயம்..."

ஆணுறுப்பு விறைப்பதில் சிக்கல் என்ற இந்த விஷயத்துக்கென்றே நேராக வருபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்தான். வயது கூடக்கூட, சர்க்கரை, முட்டிவலி எல்லாம் பேசி முடித்து எழுந்த பிறகு, கதவருகே நின்றுதான் "அப்புறம் டாக்டர்..." என்று ஆரம்பிப்பார்கள்.

இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் நான்கு லேப் ரிப்போர்ட்டுகளோடு வந்தான். "எல்லாமே நார்மல்னா எனக்கு மட்டும் ஏன் சார் இப்படி?" காகிதம் பிடித்த கை நடுங்கியது. காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அப்படியென்றால் ரத்தக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கின்றன. சரியாக நடக்குமா என்ற பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அந்த ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், பயந்தபடியே ஆகும், அடுத்த முறை பயம் இரட்டிப்பாகும். போதாக்குறைக்கு, 'கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி' என்று யாரோ சொன்னதையும் பல வருடமாகச் சுமந்துகொண்டிருந்தான். உடம்பில் ஒரு கோளாறும் இல்லாத வயதில்தான் இத்தனை வேதனை.

ஐம்பதுகளில் நேர்மாறு. "வயசாயிடுச்சு, விடுங்க" என்று சிரிப்பார்கள். ஆரம்ப நாட்களில் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அப்படிச் சிரித்துவிட்டுப் போன ஒருவர் அடுத்த வருடம் மாரடைப்போடு வந்தார். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத்துடையது 3 முதல் 4. கொழுப்பு படிந்தால் சின்னக் குழாய்தான் முதலில் திணறும்; நெஞ்சுவலிக்கு இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே காட்டிக் கொடுப்பதும் உண்டு. இப்போது யார் சிரித்துக்கொண்டு சொன்னாலும் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பார்க்காமல் அனுப்புவதில்லை. எல்லோரும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத்தான் குறை சொல்கிறார்கள். அது நாற்பதுக்குப் பிறகு வருடத்துக்கு 1 சதவீதம் போல மெதுவாகத்தான் குறையும்.

எழுபது தாண்டியவர்களிடம் பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கூச்சம்தான். "இந்த வயசுல இதைக் கேக்கறது தப்பா?" என்றார் ஒருவர். தப்பே இல்லை என்றேன். தைரியம் வந்து, சட்டைப் பையிலிருந்து சில்டெனாஃபில் என்ற விறைப்பு மாத்திரை அட்டையை எடுத்தார், நண்பர் கொடுத்ததாம். அவரோ நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைக் கையோடு வைத்திருப்பவர். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கும், உயிருக்கே ஆபத்து. விளக்கினேன். வேறு வழிகள் இருக்கின்றன, மனைவியையும் அழைத்து வாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அட்டையை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே வச்சுக்குங்க. திருப்பிக் கொடுத்தா ஏன்னு கேப்பான்."