தமுக்கு நின்ற பிறகு

கிராம சபை என்றால் ஏழு நாள் முன்னாலேயே ஊருக்குச் சேதி போய்விட வேண்டும். 2023இல் அக்டோபர் 2 திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தைய திங்கள் காலை, ஊராட்சிச் செயலர் அலுவலகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். முன்பு எங்கள் ஊருக்குத் தமுக்கு அடித்த பெரியவர் வாசலில் வந்து நின்றார்.

"இந்தத் தடவையும் ஆட்டோதானா தலைவரம்மா?"

அதற்கு முந்தைய வருஷம் ஆகஸ்டில்தான், அப்போது தலைமைச் செயலராக இருந்த இறையன்பு தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார். ஒலிபெருக்கி கட்டிய வண்டி இருக்கும்போது ஒரு மனிதரைத் தெருத்தெருவாக ஏன் கொட்டியபடி நடக்கவைக்க வேண்டும்? நியாயமான கேள்வி. யார் அடிப்பார்கள், எந்தத் தெரு முனையில் செருப்பைக் கழற்றுவார்கள் என்பதெல்லாம் பாவாடை கட்டிய வயதிலிருந்து நான் பார்த்ததுதான். 2020 ஜனவரியில் ஊராட்சித் தலைவராகப் பொறுப்பேற்ற நானே நிறுத்தியிருக்கலாம். கடிதம் வரும்வரை எனக்குத் தோன்றவில்லை என்பதை இப்போதும் கூச்சத்தோடுதான் சொல்கிறேன்.

பெரியவருக்கு வேறு கணக்கு. "மேளம் போனது நல்லதும்மா. கூடவே கூலியும்ல போயிட்டு."

அதுவரை செயலரின் மகன் போனில் பதிவு செய்து கொடுத்த குரல்தான் ஆட்டோவில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முறை மைக்கைப் பெரியவரிடமே கொடுத்தோம். "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்று பழைய ராகத்திலேயே ஆரம்பித்தார். தாளில் இல்லாததையும் சேர்த்துக்கொண்டார். "குழாயில தண்ணி வரலன்னா வூட்ல உக்காந்து திட்டாதீங்க, சபையில வந்து கேளுங்க!" செயலர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குப் பிடித்திருந்தது.

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடைமடை ஊராட்சி எங்களுடையது. நிலத்தடி நீர் உப்பு. அதனால் கொள்ளிடத்திலிருந்து குழாய் வழியே வரும் தண்ணீர்தான் குடிக்க. அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. எங்கள் தொட்டியில் விழுந்த பிறகு ஊராட்சியின் பொறுப்பு. பள்ளிக்கூடம் கல்வித் துறைக்கு, பெரிய வாய்க்கால் நீர்வளத் துறைக்கு, கம்பத்தில் விளக்கு எங்களுக்கு, அதே கம்பத்தில் ஓடும் கம்பி மின்வாரியத்துக்கு. ஊராருக்கு இந்தப் பாகப்பிரிவினையெல்லாம் எதற்கு? எது நின்றாலும் அப்போது என் வீட்டுப் படிதான். கூட்டுப்பணி என்று பயிற்சி வகுப்பில் பாடம் எடுத்தார்கள். எனக்குத் தெரிந்து அது பாதி நாள் அடுத்தவர் அலுவலக பெஞ்சில் காத்திருப்பதுதான்.

செவ்வாயும் புதனும் பெண்கள் கூட்டம். செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டது, தனக்கு ஏறவில்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? கையில் போனை நீட்டி, "இதுல என்னா போட்டிருக்குன்னு பாரு தங்கச்சி" என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். காரணம் ஒற்றை வரியில் இருக்கும். வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம், அல்லது நஞ்சை ஐந்து ஏக்கருக்கு மேல், அல்லது வீட்டில் கார். ஒரு அக்காவுக்கு கார் இருப்பதாக வந்திருந்தது. அவர் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது. மகன் எப்போதோ யாருக்கோ தன் பெயரில் லோன் வண்டி எடுத்துக் கொடுத்திருக்கிறான். இது தெரிந்த அன்று பணத்தைவிட மகன்மேல்தான் அவருக்குக் கோபம்.

முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். அதைச் சொல்வது மட்டும்தான் என்னால் முடிந்தது. சேர்க்கவும் அதிகாரம் இல்லை, நீக்கவும் இல்லை. ஆனாலும், "நீ எழுதிவிட்டிருந்தா வந்திருக்கும்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இதில் ஒரு வேடிக்கை: வார்டு உறுப்பினருக்கு அந்தத் தொகை உண்டு, தலைவர் வீட்டுக்குக் கிடையாது. இதை நான் சொன்னபோதுதான் சிலர் சிரித்தார்கள். கூட்டம் கொஞ்சம் இளகியது.

வியாழன் மீலாது நபி விடுமுறை. அலுவலகங்கள் மூடியிருந்ததால் வடிகாலைப் பார்க்கப் போனேன். பக்கத்து ஊராட்சித் தலைவரும் வந்தார். வேறு கட்சி. தேர்தல் நேரத்தில் இரண்டு பேரும் ஒருவர் கட்சியை ஒருவர் பேசாத பேச்சில்லை. வடிகால் எங்கள் எல்லையில் தொடங்கி அவர் எல்லை வழியாகப் போகிறது. நான் இங்கே சுத்தம் செய்து அவர் அங்கே விட்டுவிட்டால் தண்ணீர் என் ஊரிலேயே நிற்கும். கட்சி கரையில் நிற்கட்டும் என்று இருவரும் ஆகாயத்தாமரைக்குள் இறங்கிவிட்டோம்.

அந்த வருஷம் மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்தார்கள். திறந்து என்ன? காவிரியில் போதிய தண்ணீர் வராமல், கடைமடையில் குறுவை கண்ணெதிரே கருகியது. அக்டோபர் 10 அன்று அணையை மூடியும்விட்டார்கள். வெடித்த வயல் வரப்பில் நின்றுகொண்டு, வெள்ளம் வடிய வழி செய்ய வேண்டும் என்று நாங்கள் பேசியதைக் கேட்ட ஒரு விவசாயி, "காயுறதுக்கே வழியக் காணோம், அழுவுறதுக்கு வழி பண்றீங்களா?" என்றார். டெல்டாவின் கடைசி முனையில் இது இரண்டும் ஒரே வருஷத்தில் நடக்கும். கருகிய வயலிலேயே ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் திட்டினார்.

அப்போது நூறு நாள் வேலையில் சின்ன வாய்க்காலை வார முடிந்தது. அந்த வருஷம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 294 ரூபாய் கூலி. காலையிலும் மதியமும் ஆட்களை நிற்கவைத்துப் படமெடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டியிருந்தது. சிக்னல் கிடைக்காமல் பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தூக்கிக்கொண்டு மதகுமேல் ஏறி நிற்பார். ஆனால் இந்த வடிகாலுக்கு மண்வெட்டி போதாது, பொக்லைன் வேண்டும். வெள்ளிக்கிழமை சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனோம். பதினொரு மணிக்குப் போய் மூன்று மணிக்கு அதிகாரியைப் பார்த்தோம். "எஸ்டிமேட் போயிருக்கு" என்றார். நான் தனியாகப் போனபோதும் இதே பதில்தான். இந்த முறை பக்கத்துத் தலைவர், "எப்போ போச்சு, எந்த நம்பர்ல?" என்று கேட்டுவிட்டார். எனக்கு மூன்றரை வருஷமாகத் தோன்றாத கேள்வி. நம்பரைத் தேடினார்கள். எஸ்டிமேட் எங்கேயும் போகவில்லை, அங்கேயே இருந்தது.

இதை ஊருக்கு எப்படிச் சொல்வது? புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாள் கோயில் வாசலில் கூடியிருந்தவர்களிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஏதாவது வாக்குறுதி கொடுத்துச் சமாளித்திருக்கலாம். முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் செய்தேன். போனேன், இன்னார் இன்னது சொன்னார், வேலை ஆகவில்லை என்று வந்து சொல்பவளை ஊர் அவ்வளவாகத் திட்டுவதில்லை. தெருப்பக்கமே தலை காட்டாதவளைத்தான் வறுத்தெடுக்கும். அன்று டீசலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறோம் என்று நாலைந்து பேர் முன்வந்தார்கள். பொக்லைன் வாடகையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளப் பக்கத்துத் தலைவர் போனிலேயே ஒப்புக்கொண்டார்.

திங்கட்கிழமை கிராம சபை. எங்கள் மக்கள்தொகைக்கு நூறு பேர் வந்தால்தான் கோரம், அதாவது சபை செல்லும். பத்தே முக்காலுக்குக் கையெழுத்து ஐம்பதைத் தாண்டவில்லை. உரிமைத் தொகை கிடைக்காத பெண்கள் கும்பலாக வந்து சேர்ந்ததும் நூற்று நாற்பதானது. சண்டை போட வந்தவர்களால் கோரம் நிறைந்தது. வடிகால் தீர்மானம் பத்து நிமிஷத்தில் நிறைவேறியது. குழாய்த் தண்ணீருக்கு ஒரு மணி நேரம் ஆனது.

செயலர் வரவு செலவு படித்தார். ஆட்டோ வாடகை, விளம்பரம் என்ற இடம் வந்ததும் பின்வரிசையிலிருந்து பெரியவர் எழுந்தார்.

"அதுல எனக்கு எவ்வளவுன்னு படிக்கலியே?"

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. செக்கில் என்னோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும், அவர் திருப்பூரிலிருந்து புதன்கிழமைதான் வருவார் என்றேன்.

"அப்ப புதன்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.