ட்ரைவால் பூசும் முன் ஸ்க்ரூ இடைவெளியை அளந்துவிடுங்கள்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை சேர்த்துக் கட்டினோம். பெர்மிட், அஸ்திவாரம், மரச்சட்டம் எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தன. மாட்டிக்கொண்டது ட்ரைவாலில், அதாவது மரச்சட்டத்தின் மேல் அடிக்கும் ஜிப்சம் போர்டில், அதுவும் ஒரே ஒரு சுவரில்.

புது அறைக்கும் பழைய வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவருக்கு, வரைபடத்தில் 'ஜிபி, 8 அடி' என்று சின்னதாக எழுதியிருந்தது. பலத்த காற்று தள்ளும்போது சுவரைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்வது அங்கே பிளைவுட் இல்லை, ஜிப்சம் போர்டுதான் (ஜிபி), அதுவும் 8 அடி நீளத்துக்கு, என்று அர்த்தமாம். எனக்கும் தெரியாது, போர்டு அடித்தவர்களுக்கும் தெரியாது. மற்ற சுவர்களைப் போலவே 16 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ போட்டு, இணைப்புகளில் டேப் ஒட்டிப் பூசியும் விட்டார்கள். இத்தனைக்கும் நான் லீவு போட்டு நகராட்சிக்குப் போய், பூசுவதற்கு முன் யாராவது வந்து பார்க்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் ஃபைலைக்கூடத் திறக்காமல் "ட்ரைவாலுக்கெல்லாம் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்.

கடைசியில் வந்த இன்ஸ்பெக்டர் ஒரு காந்தத்தைச் சுவரில் வைத்து நகர்த்திப் பார்த்தார், இரண்டே நிமிடம், ஃபெயில். ஓரம், நடு, மேல்கட்டை, கீழ்க்கட்டை எங்கும் 7 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ இருக்க வேண்டுமாம்.

எரிச்சலோடு என்ஜினியருக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் புரிந்தது. 16 அங்குலத்துக்கு ஒரு ஸ்டட் (செங்குத்துச் சட்டம்) இருக்கும் சுவரில் அரை அங்குல போர்டை 7 அங்குலத்துக்கு ஒரு ஆணி அடித்தாலே, சுவர் நீளத்தில் அடிக்கு 100 பவுண்டு பக்கவாட்டுத் தள்ளலைத்தான் தாங்கும் என்பது கணக்கு, 4 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 125. பிளைவுட்டுக்கு 6 அங்குல இடைவெளியிலேயே 260 வரை கிடைக்கும். ஜிப்சம் ஆணியைச் சுற்றி நொறுங்கிவிடும், அதனால் எண்ணிக்கையில் கை வைத்தால் இருக்கிற கொஞ்சப் பலமும் போய்விடும். தலை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கிய ஸ்க்ரூவும் பிடிக்காது.

நல்லவேளை, போர்டைக் கழற்றச் சொல்லவில்லை. இடையிடையே ஸ்க்ரூ சேர்த்து, பூசாமல் அப்படியே விட்டு, அளவு டேப்பை வைத்து இடைவெளி தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்து வைத்தேன். மறுமுறை பாஸ். அப்பாடா என்று இருந்தது.

கதவு வைக்க வேண்டியிருந்து 8 அடி நீளச் சுவர் கிடைக்காவிட்டால், இரண்டு பக்கமும் போர்டு அடித்து 4 அடியில் முடிக்க வழி இருக்கிறது, என்ஜினியரிடம் கேளுங்கள். கலிபோர்னியாக்காரர்கள் மட்டும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் ஜிப்சம் சுவர்கள் மோசமாக அடிவாங்கின, அங்கே விதி இன்னும் கடுமை.