தோட்பட்டை என்பைக் கையில் கொடுத்தால்

திருகோணமலை கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உடற்கூற்றியல் வாய்மொழித் தேர்வில் தோட்பட்டை என்பு கைக்கு வந்தால் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வலமா, இடமா? கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். மேற்கை என்பின் தலை பொருந்தும் கிளெனொயிட் குழி வெளிப்பக்கம் பார்க்க, முள் எனப்படும் நீண்ட மேடு பின்னால் இருக்க, கூரிய கோணம் கீழே வர உங்கள் உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள். எந்தத் தோளுக்குப் பொருந்துகிறதோ அந்தப் பக்கம். கொரகொயிட் என்ற கொக்கி போன்ற முனைப்பு முன்னோக்கி வளைந்து நின்றால் பிடித்தது சரி.

முனைப்புகள் மூன்று: முள், அக்ரோமியன், கொரகொயிட். படத்தைப் பார்த்துப் பெயர்களை ஒப்புவிப்பவர்கள், என்பைச் சற்றுத் திருப்பிக் கொடுத்தாலே திணறுவார்கள். எனவே படத்தை மூடிவிட்டுச் சட்டைக்குள் கையை விடுங்கள். தோளின் உச்சியில் தட்டையாகத் தட்டுப்படுவது அக்ரோமியன். அதன் ஓரத்தைப் பின்பக்கமாகத் தடவிக்கொண்டே போனால் முள் வரும். அது மூன்றாம் நெஞ்சு முள்ளென்பின் மட்டத்தில் உள்விளிம்பைத் தொடும். கொரகொயிட் கொஞ்சம் ஒளிந்திருக்கும். காறை என்பின் வெளிப்புற மூன்றிலொரு பங்குக்குக் கீழே, சுமார் 2.5 சென்ரிமீற்றர் தள்ளி ஆழமாக அழுத்துங்கள். அகப்படும், வலிக்கவும் செய்யும்.

அடுத்து, ஒவ்வொரு மேட்டிலும் எது பற்றியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். கொரகொயிட்டின் நுனியில் இருதலைத் தசையின் குறுந்தலையும் கொரகோபிரேக்கியாலிசும் தொடங்குகின்றன; சிறு மார்புத் தசை அந்த முனைப்பில் வந்து முடிகிறது. இருதலைத் தசையின் நெடுந்தலையோ கிளெனொயிட் குழிக்கு மேலுள்ள புடைப்பில் தொடங்குகிறது. குழிக்குக் கீழுள்ள புடைப்பு முத்தலைத் தசையின் நெடுந்தலைக்கு உரியது. இந்த மேல் கீழ் இரண்டையும் மாற்றிக் கேட்பதில் பரீட்சகர்களுக்குத் தனி இன்பம்.

மேல் விளிம்பில், கொரகொயிட்டின் அடியில் ஒரு வெட்டு இருக்கிறது. அதன் குறுக்கே ஓர் இணையம், அதாவது லிகமென்ட். மேலால் போவது நாடி, கீழால் போவது நரம்பு. ஆமி பாலத்துக்கு மேலே, நேவி பாலத்துக்குக் கீழே என்பது மருத்துவ மாணவர்களின் பழைய சூத்திரம். ஆட்டரிக்கு ஆமி, நேர்வுக்கு நேவி. கிண்ணியாப் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

இந்த என்பு எப்படி அசைகிறது என்பதற்கு நிலாவெளிக் கரைக்குப் போங்கள். கரைவலை இழுப்பவர்களின் வெற்று முதுகைப் பாருங்கள். கயிற்றை எட்டிப் பிடிக்கும்போது என்பு விலாவின் மேல் வெளிப்பக்கமாக வழுக்கும்; அது முன் செரேட்டஸ் தசையின் வேலை. இழுக்கும்போது இரு உள்விளிம்புகளும் நெருங்கி நடுவில் பள்ளம் விழும். அது ரொம்பொயிட் தசைகளும் டிரபீசியசின் நடுநார்களும் செய்வது. உப்புநீர் வழியும் முதுகில் கீழ்க்கோணம் தோலுக்கடியில் நகர்வது தெளிவாகத் தெரியும்.

செரேட்டசைச் சொன்னால் பரீட்சகர் அங்கே நிற்கமாட்டார். சுவரைத் தள்ளச் சொன்னதும் ஒருவரின் உள்விளிம்பு பின்னால் எழும்பினால் எந்த நரம்பு பழுது என்பார். செரேட்டசை இயக்கும் நீண்ட நெஞ்சு நரம்பு. வேர்கள் கழுத்து நரம்புகள் 5, 6, 7. இந்த எண்களையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.